திருப்பித் தருவதற்கு யார் பொறுப்பு?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறீர்கள். இன்னும் சில மாதங்களில், 58 வயதில் ஓய்வு. பி.எஃப்., பணிக்கொடை, இதுவரை சேர்த்தது எல்லாம் சேர்த்து 52 லட்சம் வரும். மனைவிக்கு 54 வயது. சொந்த வீடு இருக்கிறது, கடன் இல்லை. மாதச் செலவு 32,000 ரூபாய், பி.எஃப். ஓய்வூதியமாக வரப்போவது 4,600 ரூபாய். மகன் வீடு கட்ட 15 லட்சம் கேட்கிறார். நண்பர் ஒருவர் நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி தரும் நிதி நிறுவனம் ஒன்றைச் சொல்கிறார். வங்கியில் ஒரு பாலிசியைக் காட்டுகிறார்கள். ‘துளிகூட ஆபத்தில்லாமல் எந்தத் திட்டத்தில் போடலாம்?’ என்று முடித்திருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். திட்டத்தின் பெயரைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் ‘நானும் என் மனைவியும் இருக்கும்வரை இந்தப் பணம் இருக்குமா?’ என்பதுதான் உங்கள் கவலை என்று எனக்குப் படுகிறது. திட்டத்தின் பெயரைச் சொல்வது எளிது. இந்தக் கவலைக்குப் பதில் சொல்ல ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், அந்தக் கணக்கு அவ்வளவு இனிப்பாக இருக்காது.

நான் 33 ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி சிறு நகரக் கிளைகளில், டெபாசிட் கவுன்டரில் கழிந்தது. ஓய்வு பெறும் நாளில் மாலையும் கழுத்துமாக வந்து காசோலையைப் போட்டவர்களையும், பத்து ஆண்டு கழித்து அதே கவுன்டரில் கடைசி ரசீதை உடைக்க வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். முதலீட்டு ஆலோசகராகப் பதிவு பெற்றவன் இல்லை, வரித் தணிக்கையாளனும் இல்லை. ஆகவே கீழே சொல்வதில் சட்டமும் விதியுமாக இருப்பதை உறுதியாகச் சொல்கிறேன். வருங்கால வட்டி, விலைவாசி, ஆயுள் பற்றிய இடங்களில் என் கணிப்பு என்று தெரியும்படி சொல்கிறேன்.

எந்தத் திட்டத்தை யார் சொன்னாலும் வட்டி எவ்வளவு என்பதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: இந்த நிறுவனம் நாளைக்கே மூடினால் என் அசலைத் திருப்பித் தருவதற்கு யார் பொறுப்பு? இதற்கு ஒரே மூச்சில் பதில் வரவில்லை என்றால் அங்கே போடாதீர்கள். அஞ்சலகச் சேமிப்புகளுக்குப் பதில் ஒரே சொல்லில் வரும்: மத்திய அரசு. அதில் உச்சவரம்பு தவிர வேறு கவலை இல்லை. உங்கள் வயதுக்கு அதில் முதலில் நிற்பது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 2004-இல் தொடங்கியது. ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலுக்கு முன் 15 லட்சமாக இருந்தது. வட்டி 2023 ஏப்ரல் முதல் 8.2 சதவீதம். போட்ட நாளில் இருக்கும் வட்டியே ஐந்து ஆண்டுக்கும் மாறாமல் இருக்கும். 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதிகளில் வரும். மாதக் கணக்கில் 20,500.

இந்தத் திட்டம் 60 வயதானவர்களுக்கு. உங்களுக்கு 58 தானே என்று கவுன்டரில் யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். 55 முடிந்து ஓய்வு பெற்றவர்களும் சேரலாம் என்று விதியில் இருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கணக்குத் தொடங்க வேண்டும். போடும் தொகை ஓய்வுக்காலப் பணமாக வந்ததைவிடக் கூடுதலாக இருக்கக் கூடாது. பணம் வந்த தேதிக்கும் ஓய்வு பெற்றதற்கும் ஆலையிலிருந்து எழுத்தில் சான்று வாங்கி வையுங்கள். இந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டு, இரண்டு ஆண்டுகள் சேமிப்புக் கணக்கின் சொற்ப வட்டியில் மொத்தப் பணத்தையும் வைத்திருந்தவர்களை நான் அறிவேன். மனைவியைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்க்கலாம், அவர் வயது அதற்குத் தடையில்லை. தனிக் கணக்கு தொடங்க அவர் 60 ஆகும்வரை காத்திருக்க வேண்டும். இன்னொன்று: வட்டியை எடுக்காமல் அங்கேயே விட்டால் அதற்கு வட்டி கிடையாது. சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போய்ச் சேரும்படி எழுதிக் கொடுங்கள். இடையில் முடித்தால் பிடித்தம் உண்டு. ஓராண்டுக்குள் என்றால் தந்த வட்டியையே அசலில் கழித்துக்கொள்வார்கள். இரண்டு ஆண்டுக்குள் என்றால் அசலில் ஒன்றரை சதவீதம், அதற்குப் பிறகு ஒரு சதவீதம்.

அடுத்தது அஞ்சலக மாத வருமானத் திட்டம். தனியாக 9 லட்சம், கூட்டாக 15 லட்சம் வரை. வட்டி 7.4 சதவீதம். 9 லட்சத்துக்கு மாதம் 5,550 ரூபாய். இதுவும் ஐந்து ஆண்டுத் திட்டம். ரிசர்வ் வங்கி மூலமாக மத்திய அரசு வெளியிடும் மிதக்கும் வட்டிப் பத்திரத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏழு ஆண்டுக் காலம், உச்சவரம்பு இல்லை. தேசிய சேமிப்புப் பத்திரத்தின் வட்டியைவிட 0.35 சதவீதம் கூடுதலாக, ஜனவரியிலும் ஜூலையிலும் மாற்றி அமைக்கப்படும். 2023 ஜூலையிலிருந்து 8.05 சதவீதம் தந்துவருகிறது. வட்டி ஏறினால் இதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். 60 வயதாகும் முன் இடையில் எடுக்க முடியாது, 60-க்கு மேல் ஆனவர்களுக்கும் வயதைப் பொறுத்து நான்கு முதல் ஆறு ஆண்டுகள் பொறுக்க வேண்டும். ஆகையால் அவசரப் பணம் இங்கே போகக் கூடாது.

வங்கி டெபாசிட்டுக்கு வருவோம். நான் வேலை பார்த்த இடம் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். 1960-இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி மூழ்கியபோது டெபாசிட்தாரர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் இந்த நாட்டில் டெபாசிட் காப்பீடு வந்தது. 1962-இல் தொடங்கியபோது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை. பின்னால் படிப்படியாக ஏறி, 1993-இல் ஒரு லட்சமானது. 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சமானது. இந்த ஐந்து லட்சம் ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்ந்து. ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் பிரித்துப் போட்டாலும் மூன்றையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். உங்கள் பெயரில் தனியாக ஒன்று, நீங்களும் மனைவியும் கூட்டாக ஒன்று என்றால் அவை தனித்தனியாகக் கணக்கிடப்படும். ஐந்து லட்சத்தையும் அசலாகவே போட்டுவிட்டு வட்டியைக் காப்பீட்டுக்கு வெளியே விடுகிறார்கள் பலர். நான்கரை லட்சத்தோடு நிறுத்துங்கள்.

‘பெரிய வங்கிகள் மூழ்குமா?’ என்று கேட்பீர்கள். பெரும்பாலும் அரசும் ரிசர்வ் வங்கியும் விடுவதில்லை. கரூரில் 1926-இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியை நினைத்துப் பாருங்கள். 2020 நவம்பர் 17 அன்று 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று தடை வந்தது. பத்து நாளில் அதை டிபிஎஸ் வங்கியோடு இணைத்தார்கள். டெபாசிட்தாரருக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. ஆனால் அந்த வங்கியின் பங்குகளை வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அது வெளியிட்டிருந்த 318 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்களும் பூஜ்யமாகின. அதே ஆண்டு மார்ச்சில் யெஸ் வங்கியில் சுமார் 8,400 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் ஒரே உத்தரவில் மதிப்பிழந்தன. அதிக வட்டி தரும் டெபாசிட் என்று நம்பி அவற்றை வாங்கியிருந்த ஓய்வூதியர்களும் அதில் உண்டு. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. இரண்டு வங்கிகளிலும் டெபாசிட் ரசீது வைத்திருந்தவர் தப்பினார். அதே வங்கியின் பத்திரத்தை வைத்திருந்தவர் இழந்தார். கையில் தரும் தாளின் தலைப்பைப் படியுங்கள். அதில் ‘டெபாசிட்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

டெபாசிட் காப்பீடு யாருக்கு இல்லை என்பதும் நம் ஊரில் பலருக்குத் தெரியாது. நகரக் கூட்டுறவு வங்கிக்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் காப்பீடு உண்டு. உங்கள் ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் டெபாசிட்டுக்குக் கிடையாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் வரும் குழப்பம் இது. தமிழ்நாடு அரசுக்குச் சொந்தமான பவர் ஃபைனான்ஸ், போக்குவரத்து மேம்பாட்டு நிதிக் கழகம் போன்றவற்றில் அரசு ஊழியர்கள் நெடுங்காலமாகப் பணம் போட்டுவருகிறார்கள். வங்கியைவிட வட்டி கூட. அவற்றுக்கும் டெபாசிட் காப்பீடு கிடையாது. மாநில அரசு கைவிடாது என்ற நம்பிக்கையின்மேல்தான் போடுகிறோம். அந்த நம்பிக்கை நியாயமானதுதான் என்பது என் எண்ணம். இருந்தாலும் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வைக்க மாட்டேன்.

நண்பர் சொன்ன நிதி நிறுவனத்துக்கு வருகிறேன். மாதம் ஒன்றரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 18 சதவீதம். உங்களுக்கு 18 தருகிறவர் அதைவிடக் கூடுதலாக எங்கோ சம்பாதிக்க வேண்டும், அதுவும் மாதம் தவறாமல். நல்ல ஈடு வைத்துக் கடன் வாங்குகிறவருக்கு வங்கியே 9, 10 சதவீதத்தில் கொடுக்கும்போது அவ்வளவு வட்டி கொடுத்து யார் வாங்குவார்? தமிழ்நாட்டில் 1990-களில் பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகச் சரிந்ததால்தான் 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே கொண்டுவந்தார்கள். சட்டம் வந்த பிறகும் 2022-இல் ஆருத்ரா விவகாரத்தில் மாதம் 25, 30 சதவீதம் என்ற பேச்சை நம்பி ஒரு லட்சம் பேருக்கு மேல் பணம் போட்டிருந்தார்கள். பழைய நிறுவனம் என்பதும் உறுதி ஆகாது. மயிலாப்பூரில் 1872-இல் தொடங்கிய நிதி நிறுவனத்தில் பணம் போட்ட முதியவர்கள் 2024-இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் நின்றார்கள். உங்கள் நண்பர் உங்களை ஏமாற்ற நினைக்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு இதுவரை வட்டி வந்திருக்கும், மனதார நம்பித்தான் சொல்கிறார். இப்படிப்பட்ட இடங்கள் எல்லாவற்றிலும் மூடும் நாளுக்கு முந்தைய மாதம் வரை வட்டி சரியாக வந்துகொண்டுதான் இருக்கும்.

வங்கியில் காட்டிய பாலிசி பற்றி எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது, ஏனென்றால் இதை உள்ளிருந்து பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் டெபாசிட் போட வந்தார். மேலாளர் அறையில் உட்காரவைத்து, காபி வரவழைத்து, ஒரு படிவக் கட்டை நீட்டினார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி. அந்த அம்மா குறியை மட்டும் பார்த்துப் போட்டுக்கொண்டே வந்தார். மறு ஆண்டு ‘இரண்டாவது தவணை எப்போது கட்டுவீர்கள்?’ என்று கடிதம் போனபோதுதான், தான் போட்டது டெபாசிட் இல்லை, ஆண்டுக்கு இரண்டு லட்சம் வீதம் பத்து ஆண்டு கட்ட வேண்டிய காப்பீடு என்று தெரிந்தது. ஓய்வு பெற்ற பிறகு வருமானம் குறையும்போது ஆண்டுதோறும் கட்டவேண்டிய எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். அந்த ஆசிரியைக்கு இப்படி ஓர் உரிமை இருந்தது தெரியாமலே அந்த நாட்கள் கடந்திருந்தன.

சரி, 52 லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். 30 லட்சம் மூத்த குடிமக்கள் திட்டத்தில், மாதக் கணக்கில் 20,500. ஒன்பது லட்சம் மாத வருமானத் திட்டத்தில், 5,550. ஓய்வூதியம் 4,600. கூட்டினால் 30,650 ரூபாய். ஒன்பது லட்சத்தை இரண்டு வங்கிகளில் நான்கரை லட்சமாக, ஒரே ரசீதாக இல்லாமல் ஒன்றரை லட்சம் வீதம் ஆறு ரசீதாக, மாதம் தள்ளித் தள்ளி முதிரும்படி வையுங்கள். அவசரம் என்றால் ஒன்றை மட்டும் உடைத்தால் போதும், மற்றவற்றின் வட்டி கெடாது. மீதி நான்கு லட்சம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். வரியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். புதிய முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி வராது. உங்கள் வருமானம் அதன் பாதிக்கும் கீழே. வட்டியில் வரி பிடித்திருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

இதுவரை பார்த்தால் எல்லாம் சுபமாகத் தெரியும். செலவு 32,000, வரவு ஏறக்குறைய அதே அளவு. இங்கேதான் நான் உங்களை நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்த 30,650 ரூபாய் பத்தாவது ஆண்டிலும் 30,650 தான். பி.எஃப். ஓய்வூதியமும் பஞ்சப்படியோடு ஏறாது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் இன்றைய 32,000 ரூபாய்ச் செலவு 12 ஆண்டில் 64,000 ஆகிவிடும். அப்போது உங்களுக்கு வயது 70. வட்டி போதாமல் அசலில் கை வைக்கத் தொடங்குவீர்கள். அசல் குறைய வட்டியும் குறையும். சராசரியாக ஏழரை சதவீதம் வட்டி, 6 சதவீத விலையேற்றம் என்று வைத்து நான் போட்டுப் பார்த்த கணக்கில் உங்கள் 52 லட்சம் 17, 18 ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. உங்களுக்கு 75 தாண்டியிருக்கும், உங்கள் மனைவிக்கு 71, 72. இது கணிப்புதான். விலையேற்றம் 5 சதவீதமாக இருந்தால் இன்னும் ஓரிரு ஆண்டு கூடும். வட்டி எப்படிப் போகும் என்பதும் யாருக்கும் தெரியாது. இதே மூத்த குடிமக்கள் திட்டம் 2020 முதல் 2022 வரை 7.4 சதவீதம்தான் தந்தது. அந்த நிலையில் 30 லட்சத்துக்கு மாதம் 2,000 ரூபாய் குறைந்துவிடும். நீங்கள் ஐந்து ஆண்டு கழித்துப் புதுப்பிக்கும்போது எது இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்கின் போக்கு எனக்கு ஐயமில்லாமல் தெரிகிறது. வங்கி மூழ்கும் ஆபத்துக்கு ஐந்து லட்சம் வரையாவது காப்பீடு இருக்கிறது, விலைவாசிக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. துளிகூட ஆபத்தில்லாத இடம் என்று நீங்கள் தேடுவது இதனால்தான் முழுமையாகக் கிடைக்காது.

அதனால் என்ன செய்யலாம்? முதல் வழி செலவில் இருக்கிறது. இன்றைய 32,000 ரூபாயை 25,000-க்குக் கொண்டுவர முடிந்தால் அதே பணம் 23, 24 ஆண்டுகள் வருகிறது. ஐந்து, ஆறு ஆண்டு கூடுகிறது. எந்தத் திட்டத்தின் கூடுதல் அரை சதவீத வட்டியும் இதைச் செய்யாது. 25,000 முடியாது என்றால் 28,000-ஆவது முடியுமா என்று இருவரும் உட்கார்ந்து மூன்று மாதம் கணக்கு எழுதிப் பாருங்கள். இரண்டாவது வழி, உடம்பு இடம் கொடுத்தால் மூன்று ஆண்டுகள் மாதம் 15,000 ரூபாய்க்கு ஏதாவது வேலை. நூற்பாலை இயந்திரம் தெரிந்த மேற்பார்வையாளரைப் பகுதி நேரத்துக்குக் கேட்கும் சிறு ஆலைகள் உங்கள் பகுதியிலேயே இருக்கக் கூடும். அந்த மூன்று ஆண்டு உழைப்பு கடைசியில் இரண்டு ஆண்டைக் கூட்டித் தருகிறது. இரண்டு வழியையும் சேர்த்தால் கவலை பாதியாகக் குறையும்.

மூன்றாவது வழியைத் தயங்கித்தான் சொல்கிறேன். மீதி நான்கு லட்சத்தை நிஃப்டி 50 போன்ற குறியீட்டு நிதியில், அதாவது பெரிய ஐம்பது கம்பெனிகளின் பங்குகளில் பணத்தைப் பரப்பிப் போடும் நிதியில், இரண்டு ஆண்டுகளில் பிரித்துப் பிரித்துப் போடலாம். நீண்ட காலத்தில் விலைவாசியைத் தாண்டி வளர வாய்ப்புள்ளது அது. ஆனால் உறுதி எதுவும் கிடையாது. 2020-இல் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. அப்படி இறங்கும் அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் வராது என்றால் போடவே வேண்டாம். அந்தப் பணத்தை மிதக்கும் வட்டிப் பத்திரத்தில் வையுங்கள், பிழை ஒன்றுமில்லை. பத்து ஆண்டுக்குத் தொடமாட்டேன் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடிந்தால் மட்டும் போடுங்கள். ஆயுள் முழுவதும் மாதாமாதம் தரும் எல்ஐசி போன்றவற்றின் ஓய்வூதியத் திட்டங்களையும் பலர் கேட்கிறார்கள். நெடுநாள் வாழ்வோருக்கு அது பெரிய துணை, கடைசி மூச்சு வரை வரும். ஆனால் தொகை ஏறாது, போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பதும் கடினம். 58-இல் அதற்கு அவசரமில்லை. 70-ஐ நெருங்கும்போது ஒரு பகுதியை அதில் போட்டால் அதே பணத்துக்குக் கூடுதல் ஓய்வூதியம் கிடைக்கும்.

மகனின் 15 லட்சம். இதில் மூன்றாம் மனிதன் தலையிடக் கூடாது என்று தெரியும், இருந்தும் கேட்டிருப்பதால் சொல்கிறேன். அந்தத் தொகையைக் கொடுத்தால் உங்களிடம் இருப்பது 37 லட்சம். மேலே போட்ட கணக்கில் அது 12 ஆண்டைத் தாண்டாது. 70 வயதில் நீங்களும் மனைவியும் அதே மகனிடம் மாதச் செலவுக்குக் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். அவருக்கு வயதிருக்கிறது, சம்பளம் இருக்கிறது, வங்கி 20 ஆண்டுக்கு வீட்டுக்கடன் தரும். ஓய்வுக்காலத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி மகனிடம் காட்டுங்கள். மனம் நோகாமல் புரிந்துகொள்வார் என்று நம்புகிறேன். வேண்டுமானால் இரண்டு லட்சம் கொடுங்கள், கடனாக எண்ணாமல் கொடுங்கள். வீட்டை அவர் பெயருக்கு எழுதும் பேச்சு வந்தால் உயில் எழுதுங்கள், இப்போதே தானப் பத்திரம் வேண்டாம். அப்படியே எழுதினாலும், எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். பெற்றோர் பராமரிப்புக்கான 2007 சட்டத்தின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

மருத்துவச் செலவை 32,000-இல் சேர்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. நான் பார்த்தவரை, திட்டமிட்டு வாழ்ந்த குடும்பங்களின் டெபாசிட் உடைந்தது பெரும்பாலும் மருத்துவமனை ரசீதால்தான். ஆலையில் குழுக் காப்பீடு இருந்தால், அதே நிறுவனத்தின் தனிநபர் காப்பீட்டுக்கு மாற வழி உண்டு. வேலையை விட்ட பிறகு போனால் சிக்கல். விலகுவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். 70 வயதுக்கு மேல் வருமானம் பார்க்காமல் ஐந்து லட்சம் வரை தரும் ஆயுஷ்மான் காப்பீடு 2024-இல் வந்திருக்கிறது. அதுவரை 12 ஆண்டுகளை நீங்களே காக்க வேண்டும்.

இன்னொரு காட்சியைச் சொல்லிவிடுகிறேன். கணவர் இறந்து நாற்பது நாளான ஓர் அம்மா மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே ஏழு வங்கி, அஞ்சலக ரசீதுகள், மடித்து மடித்துக் கிழியத் தொடங்கியவை. நான்கில் நாமினி இல்லை. ஒன்றில் நாமினியாக இருந்தது கணவரின் அம்மா, அவர் இறந்து இருபது ஆண்டு. பணம் எங்கும் போகவில்லை. ஆனால் வாரிசுச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம், பிள்ளைகளின் கையெழுத்து என்று அந்த அம்மா ஒன்றரை ஆண்டு அலைந்தார். இன்றைக்கு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் பொறுப்பாளர்தான், உரிமை சட்டப்படியான வாரிசுகளுக்கு. அதனால் யாருக்கு எது என்று ஓர் உயிலும் இருக்கட்டும். ஒரு நாற்பது பக்க நோட்டில் எந்தக் கணக்கு எங்கே, எப்போது முதிர்கிறது, எவ்வளவு, நாமினி யார் என்று எழுதி வையுங்கள். கடவுச்சொல்லை அதில் எழுத வேண்டாம். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பது உங்கள் மனைவிக்குத் தெரிய வேண்டும். யாராவது வீடியோ அழைப்பில் வந்து உங்களைக் கைது செய்திருப்பதாகவும் பணத்தை ‘சரிபார்ப்பு’க்கு அனுப்பும்படியும் சொன்னால் அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. அழைப்பை வெட்டிவிட்டு, இணையக் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் பேசுங்கள். ஓய்வுப் பணம் வந்திறங்கிய மாதங்களில்தான் இந்த அழைப்புகளுக்கு அதிக கவனம் வேண்டும்.

பணம் கணக்கில் ஏறிய முதல் வாரத்தில் எதையும் செய்ய வேண்டாம். முதலில் ஆலையின் சான்றைக் கையில் வாங்குங்கள், பிறகு அஞ்சலகத்துக்கு மனைவியோடு போங்கள். படிவத்தில் கூட்டுக் கணக்குதாரர் இடத்திலும் நாமினி இடத்திலும் பெயர் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பாஸ்புக்கை வாங்காமல் வராதீர்கள். மனைவியின் பெயரில் தனியாகச் சேமிப்போ நகையோ இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அவர் 60 ஆகும்போது அவர் பெயரிலும் 30 லட்சம் வரை மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட முடியும் என்பதால் அது கணக்கை நிறையவே மாற்றும். அந்த விவரத்தையும், 32,000 ரூபாயில் மருந்துக்குப் போவது எவ்வளவு என்பதையும் எழுதுங்கள், மறுபடி போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.